ஆர்வி விளக்குகளுக்கு எல்இடி பல்பு: பெட்டியில் 12 வோல்ட், வண்டியில் 14.4

ஆர்விக்கென்று, அதாவது உள்ளேயே சமைத்துத் தூங்கும் வசதியுள்ள நடமாடும் வீட்டு வண்டிக்கென்று, விற்கும் எல்இடி பல்புகளில் நல்லது எது, மட்டம் எது என்பதை அதில் எத்தனை எல்இடி பதித்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே போகும் கரண்ட்டைக் கட்டுப்படுத்த ஒழுங்கான டிரைவர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிரைவர் உள்ள பல்பு பல வருஷம் எரியும். வெறும் ரெசிஸ்டரை வைத்து ஒப்பேற்றிய பல்பு ஒரு சீசனிலேயே மங்கும், மினுக்கும், பிறகு பாதி எல்இடி அணைந்துபோகும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், இரண்டின் பெட்டியிலும் ‘12 வோல்ட்’ என்றே போட்டிருக்கும்.

ஆர்வியின் லைட் வயரில் 12 வோல்ட் என்பது பெயருக்குத்தான். முழுதாக சார்ஜ் ஆகி ஓய்வில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரி 12.6 காட்டும். வண்டிகள் தங்கும் கேம்ப்கிரவுண்டில் கரண்ட் கொடுக்கும் கம்பத்தில் பிளக்கைச் சொருகியதும், அந்தக் கரண்ட்டை 12 வோல்ட் டிசியாக மாற்றும் கன்வெர்ட்டர் வேலை செய்யத் தொடங்கி 13.6-க்கு ஏற்றிவிடும். பேட்டரி இறங்கிப்போயிருந்தால் 14.4 வரை போகும். டபிள்யூஎஃப்சிஓ, புரொக்ரஸிவ் டைனமிக்ஸ் என்ற இரண்டு கம்பெனிகளும் லெட் ஆசிட் பேட்டரிக்குச் செய்யும் கன்வெர்ட்டர்கள் 13.2, 13.6, 14.4 என்ற இந்த மூன்று படிகளில்தான் ஓடுகின்றன. கூரையில் சோலார் இருந்து, கன்ட்ரோலரில் ஈக்வலைஸ் என்ற அதிக வோல்டேஜ் சார்ஜைப் போட்டால் 15-ஐயும் தாண்டும். பல்பு இத்தனையையும் தாங்க வேண்டும்.

தாங்காத பல்புக்குள் நடப்பது இதுதான். வெள்ளை எல்இடி ஒன்றுக்கு ஏறத்தாழ 3.2 வோல்ட் வேண்டும். மூன்றை வரிசையாகக் கோத்தால் 9.6. மிச்சத்தை ஒரு ரெசிஸ்டர் விழுங்க வேண்டும். 12 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டு 120 ஓம் வைத்திருந்தால், மிச்சமான 2.4 வோல்ட்டுக்கு 20 மில்லி ஆம்பியர் ஓடும். அதே பல்புக்கு 14.4 கொடுத்தால் மிச்சம் 4.8 ஆகிவிடுகிறது, கரண்ட் 40 மில்லி ஆம்பியர். வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்குதான் ஏறியது, கரண்ட்டோ இரட்டிப்பாகிவிட்டது, ரெசிஸ்டரில் சூடு நாலு மடங்கு. மூடிய பிளாஸ்டிக் கவருக்குள் அந்தச் சூடு போக வழியில்லாமல் எல்இடியின் மஞ்சள் பூச்சையும் சால்டரையும் தின்னும். அதனால்தான் பேட்டரியில் மட்டும் எரித்தவருக்கு அந்தப் பல்பு பிரமாதமாகத் தோன்றுகிறது, எந்நேரமும் கம்பத்துக் கரண்ட்டில் நிற்பவருக்கு நாலு மாதத்தில் புகைகிறது. ஒரே பல்புக்கு ஐந்து ஸ்டாரும் ஒரு ஸ்டாரும் கலந்து விழுவதற்கு முக்கியமான காரணம் இதுவே.

எனவே பெட்டியில் முதலில் தேட வேண்டியது ‘10 முதல் 30 வோல்ட்’ அல்லது ‘9 முதல் 30 வோல்ட்’ என்ற எல்லை. அது இல்லாமல் ‘12 வோல்ட் டிசி’ என்று மட்டும் போட்டிருந்தால் வாங்க வேண்டாம். எல்லை போட்டிருந்தாலும் நம்பிவிடாமல் ஒரு பல்பை மட்டும் வாங்கிச் சோதித்துப் பார்ப்பது நல்லது. மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, ஒரு ஆம்பியர் ஃபியூஸ், மீட்டர், பல்பு மூன்றையும் முதலை கிளிப்பால் வரிசையாகக் கோத்து வண்டியின் பேட்டரியில் கொடுங்கள். கம்பத்துக் கரண்ட் இல்லாமல் ஒரு தடவை, கன்வெர்ட்டரை ஓடவிட்டு ஒரு தடவை கரண்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். வோல்டேஜ் ஏறும்போது கரண்ட்டும் ஏறினால் அது ரெசிஸ்டர் பல்பு, திருப்பிக் கொடுத்துவிடலாம். அப்படியே நின்றால் லீனியர் டிரைவர், மிச்ச வோல்டேஜைச் சூடாக்கிக் கழிப்பது. குறைந்தால் ஸ்விட்சிங் டிரைவர், வேகமாகப் போட்டு அணைத்துக் கரண்ட்டைக் கட்டுப்படுத்துவது: 2.5 வாட் பல்பு 12 வோல்ட்டில் 0.21 ஆம்பியர் எடுத்தால் 14.4-இல் 0.17 எடுக்கும், வெளிச்சம் கொஞ்சமும் மாறாது. ஒன்று மறக்கக் கூடாது. மீட்டரை ஆம்பியரில் வைத்துக்கொண்டு நேரே பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தால் அது ஷார்ட். மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸோ மீட்டரோ போகும்.

இனி, எந்தப் பல்பை மாற்றுவது? வண்டியிலுள்ள எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. பழைய ஆர்விகளின் உட்கூரையில் அதிகம் இருப்பது 921 என்ற வெட்ஜ் பல்பு, கண்ணாடி அடிப்பாகத்தை அப்படியே சொருகுவது. ஒன்று 1.4 ஆம்பியர், சுமார் 18 வாட். அடுத்தது 1141, நம்மூர் வீட்டுப் பல்பைப் போல இரண்டு பின் வைத்து அழுத்தித் திருப்புகிற வகை, ஆனால் சின்னது, அதுவும் 1.44 ஆம்பியர். அதே ஹோல்டரில் யாராவது 1156 போட்டிருந்தால் 2.1 ஆம்பியர், பக்கத்தில் கை வைக்க முடியாத சூடு, கவர் பழுப்பேறியிருக்கும். சாப்பாட்டு மேசைக்கு மேல் இரட்டை 921 உள்ள கூரை விளக்கு இரண்டு இருக்கிறது என்று வையுங்கள். நாலு பல்பு, 5.6 ஆம்பியர். மாலை நாலு மணி நேரம் எரிந்தால் 22 ஆம்பியர் அவர் (ஆம்பியரை மணியால் பெருக்கியது). டிரெய்லரின் முன்னால் இருக்கும் குரூப் 24 பேட்டரி ஏறத்தாழ 80 ஆம்பியர் அவர். அதில் பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரியின் ஆயுள் குறையும் என்பதால் நமக்குக் கிடைப்பது 40. அதில் பாதிக்கு மேல் இந்த நாலு பல்பே குடித்துவிடுகிறது, குளிர் இரவில் ஹீட்டர் ஃபேனுக்கு மிச்சமில்லை. எல்இடி போட்டால் அதே நாலுக்கும் சேர்த்து 0.8 ஆம்பியர், இரவுக்கு மூன்று ஆம்பியர் அவர் சொச்சம்.

அலமாரிக்குள் இருக்கும் பல்பு நாளைக்கு ஐந்து நிமிஷம் எரிந்தால் 0.12 ஆம்பியர் அவர். அதை மாற்றி ஒன்றும் மிச்சமாகாது. ஆனால் வெளிப்பக்கம் சாமான் வைக்கும் அறையின் விளக்கை மாற்றியே ஆக வேண்டும். கதவை மூடிவிட்டால் அது எரிகிறதா என்று தெரியாது. மறந்துவிட்ட ஒரு 921 ஒரு நாளில் 33 ஆம்பியர் அவர் எடுத்து பேட்டரியைக் காலி செய்யும்; எல்இடி என்றால் ஐந்து. ஆகவே வரிசை இது: மேசை, அடுப்படி, படுக்கைத் தலைமாட்டுப் படிப்பு விளக்கு, வாசல் விளக்கு, சாமான் அறை. மிச்சமெல்லாம் ஃபியூஸ் ஆகும்போது மாற்றினால் போதும். கம்பத்துக் கரண்ட் இல்லாத இடத்தில் ஒருநாளும் தங்காதவருக்குக் கரண்ட் மிச்சம் பெரிய விஷயமில்லை, சூடு குறைவதும் கவர் கருகாததும்தான் லாபம்.

வெளிச்சத்தை வாட்டில் ஒப்பிட வேண்டாம், ‘80 வாட்டுக்குச் சமம்’ என்ற அச்சையும் விட்டுவிடுங்கள். 921-உம் 1141-உம் 21 மெழுகுவர்த்தி என்று அட்டவணையில் இருக்கும், அதாவது மொத்த வெளிச்சத்தை அளக்கும் லூமென் கணக்கில் ஏறத்தாழ 265. 1156 என்றால் 400. சின்ன 906 வெறும் 75. குண்டு பல்பின் வெளிச்சம் எட்டுத் திசையும் போவதால் அதில் ஒரு பகுதி கூரைத் தகட்டிலேயே வீணாகும். ஒரே பக்கம் பார்க்கும் தட்டை எல்இடி 200 லூமென் தந்தாலே அறையில் அதே வெளிச்சம் தெரியும். இரட்டை விளக்கில் 300, 300 என்று போட்டவர்கள் பிறகு ஒன்றைக் கழற்றி வைப்பதுதான் வழக்கம். தாழ்வான கூரையில் அது கண்ணைக் குத்தும். நிறத்துக்கு 3000 கெல்வின் சரியாக இருக்கும். மரப் பலகை போட்ட உட்புறத்தில் 6000 கெல்வின் நீல வெள்ளை, எல்லாவற்றையும் சாம்பல் பூசினது போல் ஆக்கிவிடுகிறது. சமைத்த சாப்பாட்டின் நிறமே செத்துவிடும். அடுப்புக்கு மேல் மட்டும் 4000 பரவாயில்லை. நிறத் துல்லியக் குறியீடு, அதாவது சிஆர்ஐ, 80-க்குக் கீழே இருந்தால் எடுக்காதீர்கள். இன்னொன்று, ஒரே அறைக்கு வேண்டியதை ஒரே தடவையில், ஒரே பெட்டியிலிருந்து வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து வாங்கும் ‘வாம் ஒயிட்’ அதே நிறத்தில் வருவது அபூர்வம்.

921 மாற்றும்போது ஏற்படும் ஒரு சிக்கலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கூரை விளக்கில் அந்தப் பல்பு படுத்திருக்கும். அதற்கு மாற்றான எல்இடி ஒரு சின்னப் பச்சைப் பலகை; ஒரு முகத்தில் மட்டும் மஞ்சள் புள்ளிகளாக எல்இடி. அந்த முகம் கீழே பார்க்க வேண்டும். எல்இடிக்கு பிளஸ் மைனஸ் உண்டு. சொருகினீர்கள், முகம் சரியாகக் கீழே பார்க்கிறது, எரியவில்லை. திருப்பிச் சொருகினால் எரிகிறது, ஆனால் முகம் இப்போது கூரையைப் பார்க்கிறது. பல்பு கெட்டது என்று திருப்பி அனுப்புகிறவர்களில் பலருக்கு நடந்திருப்பது இதுதான். பெட்டியில் ‘நான் போலார்’ என்று போட்ட பல்பில் உள்ளே நாலு டயோடு கொண்ட பிரிட்ஜ் இருக்கும், எப்படிச் சொருகினாலும் எரியும். வெட்ஜ் வகையில் இது இல்லாததை வாங்குவதில் அர்த்தமே இல்லை. சுற்றிலும் எல்இடி பதித்த சோளக்கதிர் போன்ற பல்பு இந்தத் தொல்லையைத் தவிர்க்கும், ஆனால் மேலே பார்க்கும் பாதி வீண், போதாததற்கு நீளம் அதிகமாகி கவரில் இடிக்கும். கவரைக் கழற்றி உள்ளளவை ஸ்கேல் வைத்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

1141 வகையில் கதை வேறு. அதில் பின் இரண்டும் நேரெதிரே இருப்பதால் இரண்டு விதமாகவும் மாட்டலாம், ஆனால் நடுப்புள்ளி பிளஸ், உடம்பு மைனஸ் என்பது மாறாது. ஹோல்டரில் வயரை மாற்றி இணைத்திருந்தால் எப்படித் திருப்பினாலும் எரியாது. விளக்கைக் கூரையிலிருந்து இறக்கி இரண்டு வயரையும் இடம் மாற்றிப் போட வேண்டியதுதான். அப்போது வயர் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கார் வேலை தெரிந்தவருக்கு கறுப்பு என்றால் மைனஸ். அமெரிக்க ஆர்வியின் 12 வோல்ட் வயரிங்கில் பெரும்பாலும் வெள்ளைதான் மைனஸ், கறுப்பு பிளஸ்ஸாக இருக்கும். போதாக்குறைக்கு அதே வண்டியின் 120 வோல்ட் வயரிங்கிலும் கறுப்பில்தான் கரண்ட், வெள்ளை நியூட்ரல். மீட்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் வெட்டக் கூடாது.

மாட்டுகிற வேலை சின்னதுதான், ஆனாலும் பேட்டரி டிஸ்கனெக்ட் ஸ்விட்சை அணைத்து, கம்பத்துப் பிளக்கையும் உருவிவிட்டுத் தொடங்குங்கள். பழைய பல்பை ஆறவிட்டுக் கழற்றி, ஹோல்டரின் உள்ளே இருக்கும் இரண்டு பித்தளை நாக்கையும் பாருங்கள். பத்து இருபது வருஷம் 18 வாட் சூடு பட்டு அவை விரிந்து கறுத்திருக்கும். கண்ணாடி அடிப்பாகத்தை விட எல்இடி பலகை மெல்லியது, எனவே சொருகினால் ஆடும். வண்டி ஓடும்போது மினுக்கும். 400 நம்பர் உப்புத்தாளைச் சின்னத் துண்டாக மடித்து நாக்கைத் தேய்த்து, ஊசிமூக்குக் குறடால் மெல்ல உள்பக்கம் வளையுங்கள். பிளாஸ்டிக் வெடித்திருந்தால், தொட்டதும் பொடிந்தால், அந்த விளக்கையே தூக்கிவிட்டு முழு எல்இடி விளக்காக வாங்குவது மேல். கவர் மஞ்சளேறிய பழைய இரட்டை விளக்கு, பாதி வெளிச்சத்தை அதுவே தின்றுவிடும். அதற்குள் நல்ல பல்பு போடுவதை விடப் புது விளக்குக்குக் கொடுக்கும் காசு நியாயமானது. பல்பு மாறியது என்பதற்காக ஃபியூஸை மாற்ற வேண்டாம். 15 ஆம்பியர் ஃபியூஸ் காப்பது வயரை, பல்பை அல்ல.

அலமாரிக்கு அடியில் இருக்கும் வட்டமான ஹாலஜன் விளக்குகளில் ஜி4 என்ற இரண்டு ஊசிக்கால் பல்பு, 10 அல்லது 20 வாட். வண்டியிலேயே அதிகம் சுடுவது அதுதான். மாற்றுப் பல்பு காசு போன்ற வட்டத் தகடு. அதில் கால் பின்பக்கம் வருவது, பக்கவாட்டில் வருவது என இரண்டு உண்டு. பழைய பல்பு விளக்குக்குள் படுத்திருந்தால் பக்கவாட்டுக் கால், நேரே நின்றிருந்தால் பின்கால். மாற்றி வாங்கினால் எந்த வழியிலும் பொருந்தாது.

தின்-லைட் போன்ற டியூப் லைட் விளக்குகள் உள்ள வண்டிக்கு அவசரமில்லை. 18 அங்குல எஃப்15டி8 டியூப் இரண்டு சேர்ந்து 30 வாட், இரண்டரை ஆம்பியருக்குள்தான். குண்டு பல்பை விட அது ஏற்கெனவே சிக்கனம். டியூப் கறுத்து, சோக் இரைச்சல் போடும்போது மாற்றலாம். அதற்கென்று விற்கும் 12 வோல்ட் எல்இடி பட்டையை வாங்கி, உள்ளே இருக்கும் சோக் பெட்டியை வயரோடு கழற்றிவிட்டு, 12 வோல்ட் வயரை நேராகப் பட்டைக்குக் கொடுக்க வேண்டும். வீட்டு டியூப்புக்கு மாற்றாக வரும் 120 வோல்ட் எல்இடி டியூப் இங்கே எரியவே எரியாது. பட்டையை ஒட்டுப் பசையை மட்டும் நம்பி ஒட்டாதீர்கள், வெயிலில் நிற்கும் வண்டிக்குள் பசை இளகும். தகட்டை ஆல்கஹாலால் துடைத்து ஒட்டி, ஓரத்தில் இரண்டு சின்ன ஸ்க்ரூவும் போடுங்கள். கழற்றிய டியூப்பில் பாதரசம் இருக்கிறது, குப்பையில் போடக் கூடாது. கவுண்டியின் (மாவட்டம் போன்றது) அபாயக் கழிவு மையத்தில் கொடுங்கள்.

நல்ல டிரைவருக்கும் ஒரு குறை உண்டு. ஸ்விட்சிங் டிரைவர் ரேடியோ இரைச்சலை எழுப்பும். விளக்கைப் போட்டதும் எஃப்எம் கரகரக்கிறது, கூரை ஆன்டெனாவில் வரும் டிவி சேனல் இரண்டு காணாமல் போகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது பல்பைத்தான். வாங்கிய ஒற்றைப் பல்பை ஆன்டெனா பூஸ்டருக்குப் பக்கத்து விளக்கில் மாட்டி, சிக்னல் குறைவான ஒரு சேனலை வைத்துப் பாருங்கள். தொல்லை தந்தால் அந்த இடத்துக்கு மட்டும் லீனியர் டிரைவர் பல்பு போடலாம். அது கொஞ்சம் சுடும், சத்தம் கிடையாது.

மினுக்கலுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மேக்னடெக் 6300 வரிசை போன்ற பழைய கன்வெர்ட்டர்கள் லைட் வயருக்கு வடிகட்டாத டிசியைக் கொடுக்கும். குண்டு பல்புக்கு அது உறைக்காது, எல்இடிக்கு உறைக்கும். பேட்டரியில் நன்றாக எரிந்து கம்பத்துக் கரண்ட்டில் மட்டும் மினுக்கினால் குற்றம் கன்வெர்ட்டருடையது. எத்தனை விலை உயர்ந்த பல்பும் அதற்கு மருந்தில்லை, கன்வெர்ட்டரைத்தான் மாற்ற வேண்டும். சுவரில் டிம்மர் இருந்தால் பெட்டியில் ‘டிம்மபிள்’ என்று இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். அகன்ற வோல்டேஜ் டிரைவர் வைத்த பல்பில் பழைய டிம்மரைத் திருகினால் பாதி தூரம் ஒன்றும் ஆகாது, பிறகு சட்டென்று அணையும்.

வாசல் விளக்கின் கவர் ஆம்பர் நிறம் என்றால் உள்ளே வாம் ஒயிட் அல்லது ஆம்பர் எல்இடியே போடுங்கள். நீல வெள்ளைக்கு ராத்திரியில் பூச்சி மொய்க்கும், கதவைத் திறந்ததும் எல்லாம் உள்ளே வரும். பக்கத்து வண்டிக்காரருக்கும் அது தொந்தரவு.

வண்டியின் பின்பக்கம் பிரேக், இண்டிகேட்டருக்கு இருக்கும் 1157 பல்பை உள்விளக்குக்கு வாங்கிய அதே துணிச்சலில் மாற்ற வேண்டாம். அந்தக் கவரும் பிரதிபலிப்புத் தகடும் குண்டு பல்பின் ஒற்றைப் புள்ளி வெளிச்சத்துக்கு அளந்து செய்தவை. எல்இடி பல்பு போட்டால் பக்கத்தில் நின்றால் பளிச்சென்றும், ஐம்பது மீட்டர் பின்னால் மங்கலாகவும் தெரியலாம். மோட்டார்ஹோமில் இண்டிகேட்டர் வேகமாக அடிக்கத் தொடங்கும். அதை அடக்க 6 ஓம் ரெசிஸ்டர் போடச் சொல்வார்கள், 13.5 வோல்ட்டில் அது 30 வாட் சூட்டைக் கக்கும், பிளாஸ்டிக்கில் ஒட்டினால் உருக்கிவிடும், மிச்சப்படுத்திய கரண்ட்டும் அதிலேயே போய்விடும். பின்விளக்கை மாற்றத்தான் வேண்டும் என்றால் சாலைக்கென்று அங்கீகார முத்திரை உள்ள, தண்ணீர் புகாத முழு எல்இடி விளக்காக இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். மாட்டியபின் ஒருவர் பிரேக்கை மிதிக்க, இன்னொருவர் ஐம்பது மீட்டர் பின்னால் போய் நின்று, பட்டப்பகலில் இரண்டு பக்கமும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு ரோட்டில் இறக்குங்கள்.